அடைகாத்த குழாய்கள்

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. வந்ததும் வராததுமாக அந்த ஏசியை அணைக்கச் சொன்னது அதனால்தான்; அதிகாரம் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. மற்றபடி நாற்காலி சுகமாக இருக்கிறது, தேநீரில் சர்க்கரை சரியாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும் தெரிகிறது. நான் சொல்லச் சொல்ல நீங்களே தட்டச்சு செய்துகொள்வதாகச் சொன்னீர்கள். என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். நாற்பத்தேழு வயதில் எழுத்துப் படித்தவன் நான். படித்ததை வைத்து வீட்டு மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுத வாய்க்கவில்லை. ஒருவர் இருபது வெள்ளைத்தாளை நம்பி முன்னால் வைத்தால் விடுவேனா.

முதலில் நான் சாரம் கட்டுகிறவன். கட்டடம் எழும்பும்போது சுற்றிலும் கம்பு நட்டு, குறுக்கே கட்டி, பலகை போட்டுத் தருவோமே, அந்த வேலை. இருபத்தாறு வருஷம். ஒருநாள் முதல் மாடி உயரத்திலிருந்து மணல் குவியலில் விழுந்தேன். மணல் என்பதால் உயிர் மிஞ்சியது. முதல் மாடிதான் என்பதால் யாரும் பெரிதாக உச்சுக்கொட்டவும் இல்லை. இடுப்பு மட்டும் போனது போனதுதான். அப்புறம் மேஸ்திரி ஒருவர் சொல்லி, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டில் மரத்தூள் மாற்றுவது. உயரமே இல்லாத வேலை. எலிகளும் நல்ல சுபாவம்தான். வாலைப் பிடித்துத் தூக்கினால்தான் கடிக்கும். கையைக் குழித்து அள்ளினால் உள்ளங்கையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிற பெண்மணிதான் அங்கே தலைமை. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். சேர்ந்த முதல் வாரமே, நான் கேட்காமலேயே, அங்கே என்ன வேலை நடக்கிறது என்று உட்காரவைத்துச் சொன்னார். எங்கள் மேஸ்திரிகள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கட்டுவது பள்ளிக்கூடமா சிறைச்சாலையா என்று தெரியாமலே சாரம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

“நரம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத மெல்லிசுக் குழாய் ஆயிரக்கணக்குல இருக்குண்ணா. அதுதான் நரம்பைத் தாங்குது. உள்ள போற சாமான் சரக்கெல்லாம் அது மேல ஏறித்தான் போகுது. ஒரு பக்கம் கட்டிக்கிட்டே இருக்கும், ஒரு பக்கம் அவுந்துக்கிட்டே இருக்கும்.”

“சாரம்னு சொல்லுங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் அதற்குச் சாரம் என்றே பெயர். எழுதும்போது நுண்குழல் என்று எழுதுவார்கள், பேசும்போது சாரம்தான்.

எல்லாக் கம்பும் ஒரே மாதிரி நிற்பதில்லை என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று தொட்டாலே ஆடும், ஒன்று மாடு முட்டினாலும் அசையாது. எலியின் நரம்பில் எத்தனை பங்கு உறுதியாக நிற்கிறது, எத்தனை பங்கு கலைந்து கிடக்கிறது என்று அளப்பதுதான் அவர்கள் வேலை. எலியின் கால் நரம்பையும் முதுகுத் தண்டையும் எடுத்து, வெதுவெதுப்பான ஒரு திரவத்தில் மெதுவாக மசிப்பார்கள். அதை ஓர் இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுற்றுவார்கள். நின்ற குழாய்கள் கனமானவை, அடியில் ஒரு புள்ளியாகப் படியும். கலைந்தவை மேலே நீரோடு தங்கிவிடும். அடியில் இருப்பது நூற்றுக்கு எத்தனை என்று பார்த்துவிட்டால் ஆயிற்று.

இந்தச் சாரத்துக்கு ஒரே எதிரி குளிர். அந்தக் கட்டடத்தில் இருந்த மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எதை எடுத்தாலும் ஐஸில் குத்திவைப்பார்கள். கெடாமல் இருக்குமாம். நடைபாதை நடுவில் ஐஸ் கொட்டும் இயந்திரம் ஒன்று நாள் முழுக்கக் கொறகொறவென்று ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அது ஆகாது. குளிர் பட்டதும் குழாய்கள் கட்டவிழ்ந்து கொட்டிவிடும். அதனால் எங்கள் அறையை உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். படித்தவர்கள் எல்லாம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேலை செய்வதை அங்கேதான் பார்த்தேன். தடித்த கண்ணாடி போட்ட ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள், சோடாபுட்டி என்போம். அவள் புதிதாக வந்த மாதத்தில், பழைய கூடத்துப் பழக்கத்தில், நரம்பு போட்ட சோதனைக்குழாய் எட்டையும் ஐஸில் குத்திவைத்துவிட்டாள். பத்தே நிமிஷம். ஒரு வார வேலை போயிற்று. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு அழுதாள். அன்றுதான் எனக்கு அந்தப் பத்து நிமிஷக் கணக்குத் தெரிந்தது.

எலி அறைக்குப் பக்கத்து அறையில் அவள் நரம்பை எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுப்பாள். வெதுவெதுப்பு அறைக்கு அங்கிருந்து எழுபத்திரண்டு எட்டு நடக்க வேண்டும். நடுவில் ஏசி நடைபாதை. அந்தக் குழாய்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. முதல் நாளே நாலு குழாயை இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, கையை இறக்கை மாதிரி ஒட்டவைத்தபடி நடந்து போனேன். டாக்டரம்மா சூடு பார்த்தார். சரியாக இருந்தது. வெந்நீர்க் குடுவையை விட அக்குள் மேல் என்று தன் குறிப்பேட்டில் எழுதியே வைத்தார். சோடாபுட்டி எனக்கு அடைகோழி என்று பெயர் வைத்தாள். “அடைகோழி அண்ணே, அடுத்த நாலு முட்டை ரெடி,” என்று நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள். இருபத்தாறு வருஷம் ஏய் என்று கூப்பிட்டுக் கேட்டவனுக்கு, பட்டப்பெயர் என்பது ஒரு மரியாதைதான்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி தையல்காரி. அவளுக்கும் அவள் தம்பிக்கும் சர்க்கரை வியாதி. அப்பா வழிச் சொத்து என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் தரையெல்லாம் சிவப்புப் புள்ளி. “பெயிண்டை மிதிச்சுட்டு வந்துட்டீங்களா, இப்பத்தானே துடைச்சேன்,” என்று சண்டைக்கு வந்தாள். நான் இப்போதுதான் உள்ளேயே வருகிறேன் என்றேன். பார்த்தால் அவள் குதிகாலில் உடைந்த தையல் ஊசி. காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறாள். ஊசியைப் பிடுங்கினபோது, வலிக்கிறதா என்று கேட்டேன். “சும்மா பிடுங்குங்க, யாரோ யாருக்கோ பண்ற மாதிரி இருக்கு,” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் அவள் பாதத்தை நான்தான் திருப்பிப் பார்ப்பேன்.

மச்சான் பஸ் ஓட்டுகிறவன். வாய் ஓயாது. “பிரேக் மேலதான் கால் இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு மிதிக்கிறேன் மாமா. பாக்குறவங்க நான் சாமி கும்பிட்டு ஓட்டுறேன்னு நினைக்கிறாங்க,” என்பான். ஒருநாள் பார்க்காமல் மிதித்தான். டிப்போ சுவர் இடிந்தது. யாருக்கும் அடியில்லை. ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து வண்டி வரும் நேரத்தை எழுதச் சொன்னார்கள். அதிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான்: “உங்க எலி எப்ப மாமா பாஸாகும்?”

ஏனென்றால் எங்கள் கூடத்துக்கு ஒரு மருந்து வந்திருந்தது. ஒரு நிறுவனம் அனுப்பியது. நரம்புக்குள் இருக்கும் சாரத்தை அவிழாமல் பிடித்துவைக்கும் மருந்து. எலியில் நின்றுவிட்டால் மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். என் மனைவி பாதமும் மச்சான் பாதமும் பிழைக்கும். எலியில் நிற்காவிட்டால் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு மருந்து எதுவும் வரிசையில் இல்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்.

தீனி இரண்டு டப்பாவில் வந்தது. நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மாவு. எது எதில் என்பது அளக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமாம். பட்டியலை உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் பூட்டினார்கள். டாக்டரம்மாவுக்குத் தெரியாது, சோடாபுட்டிக்குத் தெரியாது. ஆனால் பெட்டியை உடைத்து டப்பாவை அடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். எனக்குப் படிக்க வராது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். அதற்கப்புறம் நான் எழுத்துப் படித்தது தெரியாத விஷயம். மனைவிதான் சமையலறை மேஜையில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எனக்குக் காட்டிக்கொடுத்தாள். பெட்டியின் அடியில் பொட்டலம் கட்டியவர் விட்டிருந்த சீட்டு ஒன்று கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீலம், மருந்து. மஞ்சள், மாவு. முழுசாக நான் படித்து முடித்த முதல் காகிதம் அதுதான் ஐயா. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு எதற்காகவும் இல்லை. முதல் காகிதம் என்பதற்காக.

இரண்டு மாதம் கழித்து முதல் எட்டு எலிகளை அளந்தார்கள். எட்டும் ஐம்பதுக்கும் ஐம்பத்துமூன்றுக்கும் நடுவில் வரிசையாக நின்றன. உறையைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. மருந்து தின்றதும் மாவு தின்றதும் ஒன்றுபோல இருந்தால் திறந்துதான் என்ன.

“அடுத்த எட்டும் இப்படி வந்தா அவ்வளவுதான் அண்ணே,” என்றாள் சோடாபுட்டி. “நீங்க கோழிப்பண்ணைக்கு வேலை தேடலாம், நான் சோடாக்கடைக்குப் போறேன்.”

டாக்டரம்மா அந்த வெக்கையான அறையில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குள் ஒரு நியாயம் ஓடிற்று. எலியை அவர்கள் குழாயில்தான் பார்க்கிறார்கள். நான் கூண்டில் பார்க்கிறேன். நீலத்தீனி எலிகள் சக்கரத்தில் ஏறி ஓடுகிற ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். மருந்து வேலை செய்யத்தான் செய்கிறது, இந்த அளவுதான் எங்கேயோ பிசகுகிறது. சாரம் கட்டும்போது தளம் சாய்ந்திருந்தால் கீழே ஒரு மரச்சக்கை வைத்து மட்டம் பண்ணுவோம். சாரத்தைக் குறை சொல்லமாட்டோம்.

அடுத்த எட்டு எலியின் முறை வந்தது. ஒரு நடைக்கு நாலு குழாய். நீலத்தீனி தின்ற நாலையும் வழக்கம்போல அக்குளில் வைத்துச் சூடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மஞ்சள் நாலையும் கொண்டுவரும்போது நடைபாதையில் அந்த ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றேன். இடுப்பு வலிக்காரன் நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். குழாய்களை ஐஸில் சொருகிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலாவது விதி முடிந்தபோது பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கைமாறும்போது சில்லென்று இருக்கக்கூடாதே என்று குழாயின் வெளிப்புறத்தை வேட்டியில் தேய்த்துக் கொடுத்தேன்.

நீலம் ஐம்பத்துநாலு. மஞ்சள் முப்பத்துமூன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து தின்ற எலிகளின் குழாயில் நான் கைவைக்கவே இல்லை. அவை நின்றபடி நின்றன. மற்றதைத்தான் கொஞ்சம் உட்காரவைத்தேன்.

அன்றைக்கு அந்த அறையில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோடாபுட்டி குதித்ததில் கண்ணாடி தெறித்து விழுந்தது. நாலு பேர் தரையில் தவழ்ந்து தேடினோம். டாக்டரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இந்தக் கைச் சூடுதாண்ணா எல்லாம்,” என்றார். மூன்றாவது எட்டுக்கும் அப்படியே செய்தேன். நாலாவதுக்கும். தீயணைப்பு விதிகள் எனக்கு மனப்பாடம். வேண்டுமானால் கேட்டுப்பாருங்கள்.

உறையைத் திறந்து நீலம்தான் மருந்து என்று பார்த்தார்கள், கட்டுரை அச்சில் வந்தது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், நன்றி என்ற தலைப்புக்குக் கீழே, மாதிரிகளைச் சூடு குறையாமல் கொண்டுவந்து சேர்த்ததற்காக என்று போட்டு என் பெயர். எழுத்துப்பிழை இல்லை. வேறு மொழிக் கட்டுரைதான், ஆனால் பெயரை மட்டும் நம் எழுத்திலும் போட வேண்டும் என்று டாக்டரம்மா அடம்பிடித்து வாங்கியிருந்தார். நான் கட்டின சாரத்தில் எழும்பிய கட்டடங்களின் கல்வெட்டு எதிலும் என் பெயர் இருந்ததில்லை. கட்டடம் முடிந்ததும் முதலில் அவிழ்ப்பது சாரத்தைத்தானே. மச்சான் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினான். “மாமா பாஸு, எலியும் பாஸு. இனி நான்தான் பாக்கி,” என்றான்.

நீல எலிகள் சுறுசுறுப்பாக ஓடின என்று மேலே எழுதியிருக்கிறேன். அது உண்மை. சுறுசுறுப்புக்கு ஒரு காரணம், அவற்றில் சில கொஞ்சம் புதியவை.

அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாதக் கடைசியிலிருந்தே, காலையில் போய்ப் பார்த்தால், நீலக் கூண்டில் ஏதாவது ஒன்று மூலையில் சுருண்டு கிடக்கும். வயிறு உப்பியிருக்கும். காது மஞ்சளாக இருக்கும். எலிக்கு மஞ்சள் காமாலை வந்தால் காதில்தான் முதலில் தெரியும். ஐந்து எலிக்கு மேல் தானாகச் செத்தால் சோதனையை நிறுத்திவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அது எலி அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது, அதையும் நான் படித்துவிட்டேன். டாக்டரம்மா ஓர் எலி செத்தாலே மத்தியானம் சாப்பிடமாட்டார். எதற்கு அவரைப் பட்டினி போட வேண்டும். குட்டிபோடும் கூண்டில் அதே வயசில், அதே நிறத்தில் உடன்பிறப்புகள் நிறைய இருந்தன. ஒன்றை அள்ளிக் கொண்டுவந்து, செத்ததன் காதில் எந்த இடத்தில் ஓட்டையோ அதே இடத்தில் இதன் காதிலும் ஓட்டை போட்டு, கூண்டில் விடுவேன். காது ஓட்டைதான் எலிக்கு எண். செத்தது குப்பை எரிக்கும் பையில் போய்விடும். நீலத்தில் மொத்தம் இருபது எலி. நான் மாற்றியது பதினான்கு. மஞ்சளில் ஒன்றுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதைக் கேட்டதும் நேற்று நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். கூண்டு மாற்றும்போது எலிக்கு அதிர்ச்சி வரும். தீனி டப்பா ஈரமாகியிருக்கலாம். பதினான்கு எலி சாவதற்குப் பதினான்கு காரணம் இருக்கும் என்று நான் அப்போது நினைத்தேன். ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொன்று யோசித்தே வைத்திருந்தேன்.

பிறகு மனிதர்களின் முறை வந்தது. பாதம் மரத்துப்போன நாற்பது பேர். ஆளுக்கு மாதம் ஒரு புட்டி, தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “வீட்டம்மாவையும் மச்சானையும் முதல் பட்டியல்லயே சேத்துட்டேண்ணா. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்,” என்றார். மூன்று வருஷமாக நானே கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொல்ல முடியும். நன்றி சொன்னேன்.

இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் புட்டியை வாங்கிவந்தார்கள். காலைத் தேநீருக்கு மச்சான் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவான். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் வாயில் போட்டு, ஒரே நேரத்தில் தண்ணீர் குடிப்பார்கள். யார் முதலில் விழுங்குவது என்று போட்டி வேறு. ஒரு மாதம் ஆனதும் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மாமா, கட்டைவிரல்ல சுறுசுறுன்னு இருக்கு. வேலை செய்யுது போல.”

“அப்படியா.”

“ஒரு மாத்திரைக்கே இப்படின்னா ரெண்டு போட்டா? சீக்கிரம் வண்டி எடுக்கணும் மாமா. நேரம் எழுதி எழுதி விரலும் மரத்துப்போச்சு.”

“விதியில ஒண்ணுதான்டா.”

“அடைகோழிக்கு இல்லாத விதியா. எங்கேயாவது ஒரு புட்டி தேத்துங்க. அக்காவுக்குத் தெரிய வேணாம், திட்டுவா.”

கொண்டுவந்து கொடுத்தேன். மாதம் ஒரு புட்டி வீதம். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். அவன் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

நாலாம் மாதம் ஒரு காலை, வாசலில் நின்றுகொண்டு, “மாமா, வாய்க்கெல்லாம் கசக்குது. அக்கா போட்ட தேநீரே நல்லா இல்லைன்னா என் உடம்புல ஏதோ கோளாறுதான்,” என்றான். வெளிச்சம் அவன் பின்னாலிருந்து வந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தேன். பழக்கதோஷம். மருத்துவமனையிலும் சிரிக்கவைத்துக்கொண்டேதான் இருந்தான். பக்கத்துக் கட்டில்காரரிடம், மஞ்சள் பெயிண்ட் அடித்தால் புது பஸ் என்று அர்த்தம் என்றானாம். பதினாறு நாள்தான் தாங்கினான். அவன் முதல் ஆள். அடுத்த ஏழு வாரத்தில் இன்னும் பத்துப் பேர்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுபடி புதிய எலிகளைக் கொண்டு அளந்தார்கள்; எனக்கு அன்று மச்சானின் மாதக் காரியம் இருந்ததால் சோடாபுட்டியே குழாய்களைச் சுமந்துபோனாள். நீலம் ஐம்பத்தொன்று, மஞ்சள் ஐம்பத்திரண்டு. நீல எலிகளும் மூலையில் சுருள ஆரம்பித்தன. அவள் கெட்டிக்காரி. நடைபாதையில் ஐஸ் இயந்திரத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள் என்று சொன்னார்கள். என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. “அடைகோழி அண்ணே” என்று கூப்பிடவும் இல்லை. அதுதான் கொஞ்சம் வருத்தம்.

நீங்கள் டாக்டரம்மாவை மூன்று நாள் நிற்கவைத்து விசாரித்தீர்கள். எண்களைத் தான்தான் தவறாகப் படித்திருக்க வேண்டும், எல்லாம் தன் பிழைதான் என்று அவர் எழுதிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாக வந்தேன். அவர் ஐஸ் பக்கமே போகாதவர். எல்லாவற்றையும் சரியாகத்தான் அளந்தார். நான் கொடுத்ததைச் சரியாக அளந்தார்.

ஐஸில் வைத்தது நான். எலியை மாற்றியது நான். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் உடந்தை இல்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், கொஞ்சகாலம் இருந்தார்கள். மருந்து கெட்டது என்று உனக்கு எப்போது தெரியும் என்று நீங்கள் நாலுமுறை கேட்டீர்கள். தெரியவே தெரியாது என்று நாலுமுறை சொன்னேன். தெரிந்திருந்தால் சொந்த மச்சானுக்கு இரட்டிப்பாகக் கொடுப்பேனா.

ஒரே ஒரு திருத்தம் மிச்சம் இருக்கிறது. போன வாரம் என் மனைவி உங்களிடம் வந்து எனக்காகச் சாட்சி சொன்னாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. “நானும் அதே மருந்தைத்தான் ஆறு மாசம் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. என் தம்பிக்கு வேற ஏதோ இருந்திருக்கு. என் வீட்டுக்காரர் எலிக்குக்கூட வலிக்காமத்தான் தூக்குவாரு,” என்றாள். நீங்கள் அதை வரிக்கு வரி பதிவு செய்துகொண்டீர்கள். அந்தப் பகுதியை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் அந்த மருந்தில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை.

புட்டி வீட்டுக்கு வந்த அன்றே நான் கடைத்தெருவுக்குப் போய், அதே வட்டம், அதே வெள்ளையில் கால்சியம் மாத்திரை வாங்கிவந்தேன். அசல் மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருக்கும், இதில் இருக்காது. அவள் கண்ணாடி போடாமல் விழுங்குவதால் பரவாயில்லை. முதல் காலையிலிருந்து அவள் புட்டியில் இருந்தது அதுதான். அவளுடைய அசல் மாத்திரைகளை வீணாக்க மனம் வரவில்லை, சேர்த்துவைத்திருந்தேன். மச்சான் கேட்டபோது எடுத்துக் கொடுத்தது அவற்றைத்தான்.

இந்தத் தாளை அவளிடம் காட்ட வேண்டாம் என்று கேட்க நினைத்தேன். எனக்கு எழுத்துக் காட்டிக்கொடுத்தவளே அவள், எப்படியும் படித்துவிடுவாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு கொஞ்சம் நாசூக்கு. புது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான். வேறு காரணம் எதையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அந்த மருந்தின்மேல் எனக்கு எப்போதும் முழு நம்பிக்கைதான்.